மதியக் கச்சேரி

தேடிப் போய்க் கேட்ட பாட்டு காதில் நிற்கும். தேடாமல் வந்து சேர்ந்த பாட்டோ கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

மார்கழியில் சென்னை சபாக்களில் டிக்கெட், கூட்டம் எல்லாம் மாலைக் கச்சேரிக்குத்தான். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி உட்படப் பெரிய சபாக்களில், மதியப் பொழுது வளரும் கலைஞர்களுக்கு. பெரும்பாலும் அனுமதி இலவசம். பாதி நாற்காலிகள் காலி. இன்று மாலையில் அரங்கு நிறைக்கும் பலரும் அந்தக் காலி நாற்காலிகளுக்குப் பாடி ஏறி வந்தவர்கள்தான்.

பெயரே தெரியாத ஒரு குரலை எடைபோட நம்மிடம் எதுவும் இருப்பதில்லை. விமர்சனம் படித்திருக்க மாட்டோம், பட்டம் விருது தெரியாது, மிஞ்சுவது காது ஒன்றுதான். அது முழுதாக விழித்துக்கொள்வதும் அப்போதுதான். ஆலாபனையில் மேல் ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே பாடகி நின்றுவிடுகிறார். வயலின்காரர் வில்லை அசைக்காமல் அவர் முகத்தையே பார்க்கிறார். அரங்கில் தம்புராவின் ரீங்காரம் மட்டும். ஒலிப்பதிவில் கேட்டால் அது வெறும் இடைவெளி. எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கோ மூச்சே நின்றுவிடும். பிறகு குரல் மெல்ல ஷட்ஜத்தில் போய் அமர்கிறது, முன்வரிசையில் யாரோ தம்மையறியாமல் ‘ஆஹா’ என்கிறார்.

கச்சேரி முடிந்ததும் மடித்து வைத்த நிகழ்ச்சி நிரலைப் பிரித்து, அந்தப் பெயரை விரல் வைத்து ஒருமுறை வாசிக்கிறோம். அடுத்த மார்கழிக்குப் பட்டியல் வந்தவுடன் கண் முதலில் தேடப்போவது அதைத்தான்.