குடியும் குடிவழியும்

சம்பந்தம் பேசும்போது சாதகம் பார்க்கிறோம். சலரோகம், இருதய நோய் உண்டா என்றும் சிலர் கேட்கிறார்கள். தகப்பன் குடிப்பவரா என்பதை மட்டும் நேரே கேளாமல் அயலில் விசாரிப்போம். குடியால் இறந்த பெரியப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், "ஈரலில் வருத்தம்" என்று பேச்சை முடித்துவிடுவோம். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் மறைக்கிறோம் என்று எண்ணுகிறோம். அது நன்மைதானா?

1973இல் குட்வின் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறந்து சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்கள் அவர்கள். பெற்றவர் குடிநோயாளியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 18 பேர் தாமும் குடிநோயாளர் ஆயினர். மற்றவர்களில் அது 5 பேர். வளர்த்த வீடு வேறாக இருந்தும் இரத்தத்தில் ஏதோ ஒன்று கூடவே வந்திருக்கிறது. ஆனால் அதே கணக்கை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். அத்தகையோரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தப்பியிருக்கிறார்கள்.

யப்பானியர் கதை இன்னும் வியப்பானது. அவர்களிற் பலருக்கு ஒரு பரம்பரையலகு காரணமாக மதுவிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள் உடலில் எளிதில் முறிவதில்லை. சிறிது குடித்தாலே முகம் சிவந்து குமட்டும். இது இயற்கை போட்ட வேலி. ஆனால் சிகிச்சைக்கு வந்த குடிநோயாளரில், இவ்வலகை ஒரு பெற்றோர் வழியாகப் பெற்றவர்கள் 1979இல் நூற்றுக்கு 2.5 ஆகவும், 1986இல் 8 ஆகவும், 1992இல் 13 ஆகவும் இருந்தனர். 13 வருடங்களில் ஓரினத்தின் பரம்பரையலகு மாறிவிடாது. மாறியது குடிக்கும் வழக்கமும், குடிக்கச் சொல்லும் நெருக்குதலுமே.

நமது சூழலையும் பார்ப்போம். மண்டபத்தினுள்ளே பூப்புனித நீராட்டு விழா, வெளியே கார் டிக்கியினுள் போத்தல். பதினாறு வயதுப் பையன்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள். "ஒரு வாய்தானே, ஆம்பிளைப் பிள்ளை" என்று நீட்டும் மாமாவுக்கு, எந்தப் பையனின் உடம்பு எதைச் சுமந்து வந்திருக்கிறது என்று தெரியாது. அந்தப் பையனுக்கும் தெரியாது, நாம் சொல்லவில்லையே!

"எல்லாம் ஊழ்" என்பார் உண்டு. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வகுத்தார். கள்ளுண்ணாமை அதற்கும் பிறகே வருகிறது. பரம்பரையைக் காரணம் காட்டிக் குடிப்பவரின் பொறுப்பை முழுதாகத் தள்ளிவிட நான் சம்மதியேன். அதேவேளை, கூடிய சுமையோடு பிறந்தவரை "மானங்கெட்டவர்" என்று ஏசுவதும் நீதியன்று.

மறைப்பதற்குத் தாய்மார் சொல்லும் நியாயம் எனக்கு விளங்குகிறது: தகப்பனில் மரியாதை போய்விடும், பெண்பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும். இரண்டாவது உண்மையான பயம். ஊர்வாயை மூட இலகுவான வழி கிடையாது. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைக்குச் சொன்னால் போதும். முதலாவது பயத்துக்கோ காலம் கடந்துவிட்டது. தகப்பன் இரவில் எப்படிப் படியேறி வருகிறார் என்பது பிள்ளைக்கு எப்போதோ தெரியும். தன் உடம்பும் அப்படியானதாக இருக்கலாம் என்பதே அதற்குத் தெரியாது. குடும்ப வைத்தியர் பரம்பரை நோய்களை விசாரிக்கும்போதும், நாம் சலரோகத்தை மட்டுமே சொல்லிவிட்டு வருகிறோம்.