உம்மை யார் அனுப்பியது?



திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் பாதையில், நிலாவெளியைத் தாண்டியதும் களப்போரமாக இறக்கக்கண்டி என்னும் ஊர் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் மீன்பிடிக் கரை அது. சில ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாளையொட்டிய ஒரு காலையில், அங்கே நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன்.

பக்கீர் பாவா ஒருவர் படலையடியில் நின்று றபான் தட்டிப் பாடினார். பாவாமாரை நம் கிழக்கு மாகாண மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் ஊர் உறங்கும் வேளையில் தெருத்தெருவாகப் பாடிச் சென்று, சஹர் உணவுக்கு மக்களை எழுப்பிவிடுகிறவர்கள் அவர்கள். பெருநாள் வந்ததும் வீடு வீடாக வந்து அன்பளிப்புப் பெறுவார்கள். கைத்தொலைபேசியே மணியடித்து எழுப்பும் இக்காலத்தில் அவர்களுடைய தேவை குறைந்துவிட்டது. வயிறு மட்டும் குறையவில்லை.

கையிலிருந்ததைக் கொடுத்தேன். கொடுத்தோம் என்று மனமும் நிறைந்தது. அரை மணி நேரம் ஆகவில்லை, இன்னொருவர் வந்து நின்றார். முதியவர், பாடக் குரல் எழவில்லை. எனக்கு எரிச்சல் மூண்டது. "உம்மை யார் இங்கே அனுப்பியது?" என்று கேட்டே விட்டேன்.

அவர் முகம் கோணாமல் சொன்னார்: "முந்தி வந்த பாவாதான் ஐயா. அந்த ஊட்ட போங்க, நல்ல மனுசர் ஒருத்தர் இருக்கார் எண்டு சொன்னார்."

பிரியமானவர்களே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. என்னை நல்ல மனிதன் என்று ஒருவர் தெருவிலே சாட்சி சொல்லியிருக்கிறார். நானோ அந்தச் சாட்சியைப் பொய்யாக்கிக் கொண்டிருந்தேன்! அதைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. கடைக்காரன் தன் வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்புவானா? தெருப் பாடகரோ தமக்குக் கிடைத்த வாசலைத் தம் தோழருக்குக் காட்டிக்கொடுத்தார். நாளை தமக்குக் குறையுமே என்று அவர் அஞ்சவில்லை.

இது நம் தமிழுக்குப் புதிதன்று. சங்க காலத்துப் பாணரும் பொருநரும் யாழும் பறையும் சுமந்து வழிநடந்தவர்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொருவனைக் கண்டு, இன்ன வழியே போ, இன்ன வள்ளலைக் காண்பாய் என்று ஆற்றுப்படுத்துவான். அப்படிப் பிறந்ததே ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகவே அமைந்துள்ளன. பெற்றவன் வழிகாட்டுவது, பசித்தவர்களின் பழைய அறம்.

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். எரிக்கோ நகரின் வழியோரத்தில் பார்வையற்ற இருவர் அமர்ந்திருந்ததாக மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவர்கள் இரக்கத்தை வேண்டியது 'எனக்கு' என்றல்ல, 'எங்களுக்கு' என்று! கூட்டம் அதட்டி அடக்கப் பார்த்தது. ஆண்டவரோ நின்றார், இருவரையும் அழைத்தார், இருவர் கண்களையும் தொட்டார். வாயடைக்கச் சொன்ன கூட்டம் இயேசுவின் பின்னே நடந்துவந்த கூட்டம் என்பதை மறவாதீர்கள். அன்று விறாந்தையில் அமர்ந்திருந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனே.

அசிசி நகரின் புனித பிரான்சிசும் தெருப் பாட்டை நேசித்தவர். இரண்டு குச்சிகளைப் பொறுக்கி, ஒன்றைத் தோளில் வைத்து மற்றதை வில்லாக இழுத்துப் பாடி மகிழ்வாராம். தம் சகோதரரைக் கடவுளின் பாணர்கள் என்று அழைத்தார். அந்தப் பாணர்கள் கேட்ட கூலி பொன்னல்ல; கேட்போரின் மனந்திரும்புதல். இவரே 1219-ஆம் ஆண்டில், சிலுவைப்போர் நடந்துகொண்டிருக்கையில், எகிப்தின் சுல்தான் அல் காமிலை ஆயுதமின்றிச் சென்று சந்தித்தவர். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலவேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

ஆகையால் நம் மனச்சாட்சியைக் கேட்போம். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது, இக்கரையில் அலை எவருடைய சமயத்தையும் விசாரிக்கவில்லை. அதன்பின் நிவாரணம் எங்கே கிடைக்கும் என்று முதலில் அறிந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வீட்டுக்குச் சொன்னோம்? ஓரிடத்தில் வேலை காலியென்றால் அயலவர் பிள்ளைக்குச் சொல்கிறோமா, மறைக்கிறோமா? நம் ஆலயத்தில் பெற்ற ஆறுதலையாவது, மனமுடைந்த ஒருவருக்குக் காட்டியதுண்டா?

அந்த முதியவரை நான் உள்ளே அழைத்து அமர்த்தவில்லை. முன்னவருக்குக் கொடுத்ததில் பாதியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை தேடியபோது, அவர்கள் வேறு ஊர் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். இந்தக் கடன் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

ஒருநாள் விண்ணக வாசலிலே ஏழைகள் பலர் வந்து நிற்பார்கள். யார் உங்களுக்கு இந்த வழியைக் காட்டியது என்று ஆண்டவர் கேட்டால், எங்களுக்கு முன்னே வந்த இன்னார்தான் என்று சொல்வார்கள். அந்த இன்னாரில் நம்முடைய பெயரும் இருக்குமாக. ஆமென்.