முகவரி யாருக்கு?

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் பல தோட்டங்களில் லயத்து அறைக்கு இன்றும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, கைமாறி, காலங்கடந்து கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்பைப் பெற்ற இளைஞரின் கதை மலையகத்துக்குப் புதிதன்று.

மின்னஞ்சல் இக்குறையைத் தீர்க்குமென நம்பினோம். ஓரளவு தீர்த்துமிருக்கிறது. ஆனால், தமிழெழுத்திலேயே முகவரி வேண்டுமென்றால்? '.இலங்கை' என்னும் இணையப் பெயர் 2010இல் வந்தது. தமிழ் போன்ற எழுத்துகளில் அஞ்சல் முகவரி அமைப்பதற்கான பொது விதிகள் 2012இல் வகுக்கப்பட்டன. 2014இல் ஜிமெயில் அத்தகைய முகவரிகளுடன் அஞ்சல் பரிமாற இசைந்தது. எனினும், கணக்குத் தொடங்கும் படிவங்கள் பல தமிழெழுத்தைக் கண்டதும் 'தவறான முகவரி' என்கின்றன.

இதைத் திருத்துவதில் மென்பொருளாளரிடையே பிணக்கு. சோதனை வரிகள் சிலவற்றை மாற்றினால் போதும் என்பர் ஒரு சாரார். வழியிலுள்ள அஞ்சற் கணினிகள் அனைத்தும் ஏற்காவிடில் கடிதம் திரும்பிவிடும், ஒத்த உருவமுள்ள எழுத்துகளால் மோசடியும் நேரும் என்பர் மறு சாரார். இவ்வாதம் அற்பமானதன்று, உழைத்துத் தீர்க்க வேண்டியது. நாம் ஏற்க மறுப்பது வேறொன்றை: "இதைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?" கதவை அடைத்துவிட்டு உள்ளே வந்தோரை எண்ணுவதா! லயத்துக்கு இலக்கம் கொடாமல், அங்கே கடிதம் குறைவாகத்தானே வருகிறது என்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் தம் பெயர் சிதைந்திருக்கக் கண்ட மலையகத்தார் பலர். அப்பெயரை ரோமன் எழுத்தில் இன்னொருமுறை வளைக்கச் சொல்பவர், தமிழை மட்டுமே ஏற்கும் படிவமொன்றை ஒருநாள் நிரப்பிப் பார்க்கட்டும்.