கேட்டவர் இருவர்

மலைப்பிரசங்கத்தின் முடிவில் வரும் இரண்டு வீடுகளின் உவமையை விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் உள்ள வேற்றுமையாகவே பலரும் கொள்கின்றனர். மத்தேயுவின் 7ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானித்து வாசிப்போர்க்கோ, கன்மலைமேல் கட்டினவனும் மணல்மேல் கட்டினவனும் போதனையைக் கேட்டவர்களே என்பதும், கேட்டபடி செய்தான் ஒருவன், செய்யாது விட்டான் மற்றவன் என்பதொன்றே அவர்களிடையே உள்ள பேதம் என்பதும், அந்தப் பேதமும் வெள்ளம் வரும்வரை அயலார் கண்ணுக்குப் புலப்படாது என்பதும் விளங்கும். ஆகவே கீழ்ப்படிதலைக் கிறிஸ்தவ வாழ்வின் அஸ்திவாரம் என்று சொல்வோர், அதை நஷ்டம் உண்டாகும் இடத்தில் வைத்துப் பரிசோதிக்கக் கடமைப்பட்டவர்கள். செல்வந்தன் களவு செய்யாதிருப்பதில் பெரிய கீழ்ப்படிதல் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டுச் சபைக்கு அந்தப் பரிசோதனை ஜாதியின் உருவில் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனெரி சீகன்பால்கு ஐயர், பத்தாண்டுகள் நிறைவதற்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அந்த அச்சுப்புத்தகம் 1720களில் தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தோலிக்கராக வளர்ந்தவரும் பறையர் குலத்தில் பிறந்தவருமான அவர், அதை வாசித்து மனம் திரும்பி, தரங்கம்பாடிச் சபையைத் தாமே நாடி வந்து, பின்பு உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் ஊர் ஊராகப் போதித்தார்.

1733இல் வேளாளரான ஆரோன் அச்சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. அவருடைய நடத்தையிலோ வேத அறிவிலோ குறை காணப்படவில்லை. அவர் கையினால் திருவிருந்தை வாங்க மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்பதே தடையாயிற்று. 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குக் கிடைத்தது. ராஜநாயக்கன் 1771இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். வேதத்தை அச்சிட்டுக் கொடுத்த அதே மிஷனைச் சேர்ந்தவர்களே, அதை வாசித்து அதன்படி நடந்த மனிதரைப் பீடத்தண்டை வரவிடாமல் நிறுத்தினார்கள் என்பதை எண்ணும்போது, உவமையின் இரண்டாம் வீடு எங்கே கட்டப்பட்டது என்று தேட வேண்டியதில்லை.

ஆயினும் அந்த மிஷனெரிமாரைக் கொடியவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. புதிதாய் முளைத்த சபையை ஒருவர் நிமித்தம் சிதறவிடலாமா, பலவீனருக்கு இடறல் உண்டாக்கலாகாது என்று அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா என்பது அவர்கள் பக்கத்து வாதமாக இருக்கக்கூடும். அந்த வாதத்தில் அன்பும் கலந்திருக்கிறது. ஆனால் அதே பவுல் அந்தியோகியாவில், புறஜாதியாரோடு பந்தியிருந்த பேதுரு, யூதர் சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டதைக் கண்டு, எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபமும் அவர்களுடைய மிஷன் அச்சிட்ட புத்தகத்தில்தான் இருந்தது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது விக்கிரகத்துக்குப் படைத்த மாமிசத்தைப் பற்றி; அதை உண்பதும் விடுவதும் உண்பவனுக்கு இழப்பில்லாத விஷயம். ஒரு சகோதரனைப் பந்தியிலிருந்து விலக்குவதோ அவனுக்குச் செய்யும் அநீதி. முன்னதற்கு இட்ட விதியைப் பின்னதற்குப் பிரயோகித்தது அன்பின் பெயரால் செய்த மீறுதலே. மேலும், பலவீனர் என்று இங்கே பேணப்பட்டவர்கள் உண்மையில் சபையின் பலவான்கள்.

1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் அநேகர் அதற்கு உடன்படாமல் பிரிந்தனர். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் சரபோஜி மன்னரின் அவைக்களம் கண்டவருமான வேதநாயகம் சாஸ்திரியார், அதற்கு முன்பே ஜாதி வழக்கத்துக்காக மிஷனெரிமாரை எதிர்த்து நின்றவர். இன்றும் சபைகள் உருகிப் பாடும் கீர்த்தனங்களைத் தந்தவர் அப்பக்கம் நின்றார் என்பது மனத்துக்கு உவப்பானதன்று. பக்தி மிகுந்தவரிடத்திலும் கேட்டது செயலாகாமல் நிற்கக்கூடும் என்பதற்கு அவரைவிடக் கனமான சாட்சி அகப்படாது. கட்டளையின் பொருளைப் பற்றிய மட்டில் அத்தியட்சர் சொன்னது சரி, சாஸ்திரியார் சொன்னது பிழை. எனினும் அந்நிய ஆட்சியின் நிழலில், தம் இனத்தாரின் அந்தஸ்துப் பேதங்களை அவ்வளவு கண்டிப்பாகத் தொடாத ஒருவர், பிறரிடமிருந்து உடனடிக் கீழ்ப்படிதலைக் கேட்டபோது, அந்தச் சொல் பாதி பலத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. விலையைத் தான் செலுத்தாமல் மற்றவனைச் செலுத்தச் சொல்பவனிடத்தில் கற்பனை வெறும் அதிகாரமாகிவிடுகிறது.

ராஜநாயக்கனின் பொறுமையைச் சபையின் மகிமையாகப் பேசுவாரும் உண்டு. அவர் தொடர்ந்து போதித்தது அவருடைய கீழ்ப்படிதல். அதை அவரை ஒதுக்கியவர்களின் கணக்கில் வரவு வைக்க எவருக்கும் உரிமையில்லை. அவர் முறுமுறுத்துச் சபையை விட்டு வெளியேறியிருந்தால், 1741இன் தீர்மானத்தை நாம் இன்று வேறுவிதமாக எடைபோடுவோமா? போடுவோம் என்றால், அநீதி இழைத்தவனின் குற்றத்தை அதை அனுபவித்தவனின் சாந்தத்தைக்கொண்டு குறைத்துக் காட்டும் பழைய பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.