மட்டத்தைப் புரட்டு

அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு. போன கோடை லீவில் ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்று கட்ட ஆசைப்பட்டான். கடையில் ரெடிமேடாக வாங்கினால் த்ரில் இல்லையாம். பால்சா மரத்தை வெட்டி, ஒட்டி, தானே செய்ய வேண்டுமாம்.

விமானத்தின் உடலை வெறும் கையால் ஒட்டினால் நேராக வராது. 'ஜிக்' வேண்டும். பெரிய வித்தையில்லை. வளையாத ஒரு பலகை. நீளவாட்டில் ஒரு நடுக்கோடு. அதற்குச் செங்குத்தாகச் சில குறுக்குக் கோடுகள். அவற்றில் இருபுறமும் 'எல்' வடிவக் கட்டைகள். உடலின் இரண்டு பக்கத் தகடுகளையும் கட்டைகள் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். நடுவே சட்டங்களை ஒட்டி, வால் பக்கத்தை நடுக்கோட்டில் சேர்த்து, பசை காயும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

ஜிக் என் வேலை. ஒட்டுவது அவன் வேலை.

முதல் உடல் வாழைப்பழம் மாதிரி இடதுபக்கம் வளைந்து வந்தது. "காயறதுக்குள்ள எடுத்திருப்பே. பொறுமையே இல்லடா உனக்கு" என்றேன். இரண்டாவதும் வாழைப்பழம். "கவனம் எங்க இருக்கு?" மூன்றாவதும் அப்படியே. அப்போது நான் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பையன் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து பால்சாவைத் தொடவுமில்லை.

அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர் மூன்றையும் கையிலெடுத்துப் பார்த்தார். "மூணும் ஒரே பக்கம் போவுதே சார். கை தப்புன்னா ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி வரும். மட்டத்தைக் குடுங்க" என்றார்.

நான் கோடு போட்ட மூலைமட்டத்தைப் பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு கிழித்தார். மட்டத்தை அப்படியே புரட்டிப்போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. நல்ல மட்டமென்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். என்னுடையது 'வி' போலப் பிரிந்தது. புரட்டினால் தப்பு இரண்டு மடங்காகத் தெரியும்!

குறுக்குக் கோடு சாய்ந்ததால் ஒரு தகடு மற்றதைவிடக் கொஞ்சம் முன்னே நின்றிருக்கிறது. வாலைச் சேர்த்ததும் மொத்த உடலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பையன் என் கோணலை மூன்று முறை ஒழுங்காக நகலெடுத்திருக்கிறான்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்தின் உடலும் பால்சாவும் ப்ளைவுட்டும்தான். இடது பாதி, வலது பாதி என்று தனித்தனி அச்சுகளின்மேல் ஒட்டிச் சேர்த்தார்கள். 1940-ல் முதலில் பறந்தது. 7,700-க்கும் மேல் கட்டினார்கள். அச்சு கோணலாக இருந்தால் ஒரு விமானமா கோணும்?

அப்படியானால் எல்லாத் தப்புக்கும் அச்சுதான் காரணமா? செய்தவனுக்குப் பொறுப்பே கிடையாதா? உண்டு. ஒருவன் மட்டும் கோணினால் அவன் கையைப் பார்க்கலாம். எல்லாரும் ஒரே பக்கம் கோணும்போது, வகுப்பறையோ ஆபீஸோ வீடோ, திட்டுவதற்கு முன்னால் சட்டம் போட்டவர் தன் மட்டத்தை எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

எப்படிப் பார்ப்பது? தச்சர் காட்டிய வழிதான். புரட்டு. உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்றார் கன்ஃபூசியஸ். வள்ளுவரும் அதையே சொன்னார். அவர்களும் மட்டத்தைப் புரட்டத்தான் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. 'பொறுமை இல்லை, கவனம் இல்லை' என்ற என் அளவுகோலை என்மேல் புரட்டிவைத்தேன். வாங்கிய மட்டத்தை ஒரு நிமிஷம் சோதிக்கப் பொறுமையில்லாதது யார்? மூன்றும் ஒரே பக்கம் வளைந்ததைக் கவனிக்காதது யார்?

பையனிடம் "தப்பு என்மேலதான்டா" என்று சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவன் "சரி மாமா, புது மட்டம் வாங்கியாச்சா?" என்றான். அவ்வளவுதான். அவனுக்கும் அந்தப் புரட்டல் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன்.

சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமோ? நேற்று, "டி.வி.யை நிறுத்திட்டுப் படி" என்றேன். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்:

"நீங்க, மாமா?"