நிரஞ்சனாவின் கண்மை

கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் கூட்டமான ஒரு காலை நேரத்தில் "நிரஞ்சனா!" என்று யாராவது உரக்கக் கூப்பிட்டால் ஒரு பெண்ணாவது திரும்பிப் பார்ப்பாள். தென்சென்னையில் அவ்வளவு புழக்கமான பெயர் அது. திரும்பும் கண்ணில் அநேகமாக மை இருக்கும். இமைமுடியில் மஸ்காரா, ஓரத்தில் வால் நீண்ட ஐலைனர், அதற்கு மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூச்சும் இருக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அஞ்சனம் என்றால் மை. நிரஞ்சனா என்றால் மை இல்லாதவள்.

பெயர் வைத்த பெற்றோர் கண்ணழகை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். அஞ்சனத்துக்குக் கறை என்றும் பொருள் உண்டு. கறை படியாதவன் என்பதால் கடவுளுக்கு நிரஞ்சனன் என்று பெயர். பாவ புண்ணியங்களை உதறியவன் நிரஞ்சனனாகிப் பரம்பொருளோடு ஒப்புமை பெறுகிறான் என்கிறது முண்டக உபநிடதம். ஆனால் அதே மரபு, குருவை வணங்கும்போது பேச்சை மாற்றிக்கொள்கிறது. சுலோக வகுப்புகளில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் குரு வணக்கம், அறியாமை இருட்டில் குருடாகிப்போன கண்ணுக்கு ஞானம் என்னும் மையைக் கோலால் தீட்டித் திறந்துவிட்டவர் என்று அவரைப் போற்றுகிறது. கடவுளிடம் ஒட்டக் கூடாத மை, பக்தனின் கண்ணுக்கு வேண்டியிருக்கிறது!

மை கறையா, மருந்தா? கண்ணாடி முன் நிற்கும் பெண்ணிடம் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்து சேரும்: "இவ்வளவு பூசிக்கிட்டு எதை மறைக்கிறே?"

மறைக்கிறாள் என்ற சந்தேகம் மஸ்காரா என்ற பெயரிலேயே ஒட்டியிருக்கிறது. முகமூடியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லோடுதான் அதை உறவுபடுத்துவது வழக்கம். 1915ல் அமெரிக்காவில் டாம் லைல் வில்லியம்ஸ் மேபலின் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய சகோதரி மேபல் கரித்தூளையும் வாசலினையும் குழைத்து இமையில் பூசிக்கொண்டதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்பது அந்த நிறுவனத்தின் கதை. மேபல் பாதி, வாசலின் பாதியாகச் சேர்ந்த பெயர் அது. ஊர் வேறானாலும் சரக்கு பழசுதான், கரியும் பிசுக்கும்.

தமிழில் இந்தக் காரியத்துக்குப் பெயர் கண்ணெழுதுதல். எழுதுகிற மையும் தீட்டுகிற மையும் ஒரே மை. இருளுக்கும் கருமேகத்துக்கும் குற்றத்துக்கும்கூட அதே சொல் பொருந்தும். 2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை ஊரின் மிகப் பெரிய மைக்கூடு என்று சொல்லலாம். தளம் தளமாக மை. அங்கே பார்வையற்றோருக்கான பிரெயில் பகுதியில் மட்டும் எழுத்துக்கு மை கிடையாது, விரலுக்குத் தட்டுப்படும் புள்ளிகள்தான். நிரஞ்சன எழுத்து.

மதங்கள் மையோடு பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். விவிலியத்தில் யேசபேல் கண்ணுக்கு மையிட்டு, தலையைச் சிங்காரித்து, பலகணி வழியாக எட்டிப் பார்க்கிறாள். சில வரிகளுக்குள் கீழே தள்ளிக் கொல்லப்படுகிறாள். பிரசங்கிகளுக்கு அன்று முதல் மை என்றால் யேசபேல்தான். கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ அறிஞர் தெர்த்துல்லியன், பெண்களின் அலங்காரத்தைக் கண்டிக்கத் தனி நூலே எழுதினார். கன்னத்தில் சிவப்பும் கண்ணில் கருப்பும் தீட்டுவது படைத்தவனின் கைவேலையில் குறை காண்பது என்பது அவர் வாதம். ஆனால் அதே விவிலியத்தில், துன்பமெல்லாம் தீர்ந்தபின் யோபுவுக்குப் பிறந்த மூன்றாவது மகளின் பெயர் கேரேனாப்புக். எபிரேயத்தில் அதற்குக் கண்மை வைக்கும் கொம்புச் சிமிழ் என்று அர்த்தம். கடவுள் தந்த மகளுக்கு மைச்சிமிழ் என்று பெயர் வைத்திருக்கிறார் தகப்பன்! இஸ்லாத்தில் இந்தத் தயக்கமும் இல்லை. 'இஸ்மித்' என்னும் சுர்மா பார்வையைத் தெளிவாக்கும், இமைமுடியை வளர்க்கும் என்று நபிகள் நாயகம் பரிந்துரைத்ததை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இமைமுடியைப் பற்றி இன்றைய மஸ்காரா விளம்பரங்கள் பேசுவதும் ஏறக்குறைய இதையேதான்.

பௌத்தம் இன்னும் நுணுக்கமாகக் கோடு போடப் பார்த்தது. உபோசதம் என்னும் விரத நாளில் மாலை, வாசனை, பூச்சு எதுவும் ஆகாது. ஆனால் துறவிகளுக்கான விநய நூலான மகாவக்கத்தின் மருந்துப் பகுதியில், கண்நோய் கண்ட துறவிக்கு மையை அனுமதிக்கிறார் புத்தர். அனுமதித்த வகைகளில் விளக்குக் கரியும் உண்டு. பிறகு துறவிகள் பொன்னிலும் வெள்ளியிலும் மைச்சிமிழ் வைத்துக்கொள்ள, அதற்கு ஒரு தடை போட வேண்டிவந்தது. அழகுக்கு விலக்கு, நோய்க்கு விதி. கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் அந்தக் கோடு நிற்பதில்லை.

பாட்டிமார் மை கூட்டியதை நினைத்துப் பார்க்கலாம். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்துவார்கள். அதைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்ப்பார்கள். படிந்த கரியை வழித்து, நெய்யோ விளக்கெண்ணெயோ விட்டுக் குழைத்தால் மை. அது கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். அதைத் தீட்டிவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழகு பார்ப்பார்கள். அதே விரலால் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைப்பார்கள். இதில் எது மருந்து, எது அலங்காரம், எது காப்பு? கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை வேண்டாம் என்று இன்றைய கண் மருத்துவர்கள் சொல்வது நியாயம். காரீயக் கல்லை அரைத்துச் செய்யும் சுர்மாவில் ஈயம் இருக்கிறது, அது உடம்பில் ஏறினால் கெடுதல். ஆனால் பாட்டியின் விரலில் மூன்றும் பிரியாமல்தான் இருந்தன.

அந்த அகல்விளக்கு சைவ சித்தாந்தத்திலும் எரிகிறது. உமாபதி சிவாச்சாரியாரின் திருவருட்பயன், மாயையை விடியும் வரை உதவும் விளக்கு என்கிறது. ஆணவம் இருட்டு. உடம்பும் புலன்களும் உலகமும் அந்த இருட்டில் உயிருக்குக் கிடைத்த சிறு வெளிச்சம். சிவஞான சித்தியார் இன்னும் வீட்டு வாசலுக்கே வந்து பேசுகிறது: வண்ணான் சாணியையும் உவர்மண்ணையும் சேர்த்தே துணியின் அழுக்கை எடுக்கிறான், அழுக்கை வைத்துத்தான் அழுக்குப் போகிறது. எந்த விளக்கு எரிந்தாலும் கரி படியும். அந்தக் கரியை வீணாக்காமல் வழித்துக் கண்ணிலேயே இட்டுக்கொண்ட ஊரில் தெர்த்துல்லியனின் தீர்ப்பு அப்படியே செல்லுபடியாகாது. இதற்காகச் சித்தாந்திகள் பெண்களின் ஒப்பனைக்கு வக்காலத்து வாங்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணைக் கழுநீர் மலர் என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்து, பீளை வடியும் பொந்தையா இப்படிப் பாடுகிறீர்கள் என்று ஏளனம் செய்த பட்டினத்தாரும் இந்த மரபில்தான் இருக்கிறார்.

தமிழ் இலக்கியத்தில் மை தீட்டிய கண்கள் ஏராளம். நினைவில் தங்குவது என்னவோ, தீட்டாத மூன்று ஜோடிக் கண்கள். திருக்குறளின் 1127ஆம் குறளில் பேசும் பெண், தன் காதலர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார் என்கிறாள். மை எழுதினால் அந்த நேரம் அவர் மறைந்துவிடுவாராம், அதனால் எழுதுவதில்லை. சிலப்பதிகாரத்தில், கோவலன் மாதவியிடம் போனபின் கண்ணகியின் கண்கள் அஞ்சனத்தை மறந்துபோகின்றன. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாளின் தோழியர் நோன்புக்காக மையை விடுகிறார்கள். ஒருத்தி நிறைவால் விட்டாள், ஒருத்தி துயரத்தால் விட்டாள், மற்றவர்கள் விரதத்தால் விட்டார்கள். மூன்றிலும் மை தப்பு என்ற பேச்சே இல்லை. நோன்பில் விடுவதற்குத் தகுதி நல்ல பொருளுக்குத்தான் உண்டு. மையோடு சேர்த்து நெய்யையும் பாலையும்தான் அந்தப் பாசுரம் விலக்குகிறது. பால் குடிப்பது பாவம் என்று அதை வைத்து யாரும் கிளம்பவில்லை. மைக்கு மட்டும் ஏன் அந்தக் கெட்ட பெயர்?

வள்ளுவர் இன்னோர் இடத்தில் மைக்கோலை எடுக்கிறார். எழுதும்போது கண் அந்தக் கோலைக் காண்பதில்லை; அதுபோல, கணவனைக் கண்டதும் அவன் குற்றங்கள் கண்ணுக்குப் படுவதில்லை என்கிறாள் 1285ஆம் குறளின் தலைவி. கடையில் டெஸ்டர் மஸ்காராவைப் போட்டுப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது அனுபவம். (பலர் தொட்ட பிரஷைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.) பிரஷ் தூரத்தில் தெளிவாகத் தெரியும், நெருங்க நெருங்கக் கலங்கும், இமையைத் தொடும் நொடியில் இல்லாமலே போகும். வாய் தானாகத் திறந்துகொள்ளும். நம்பிக்கைக்குக் கண்ணாடி ஒன்றுதான்.

காதல் பேச்சாக வந்த இந்த உவமை தத்துவக்காரர்களுக்கும் பிடித்த இடத்தைத் தொடுகிறது. கண் தானாகக் காண்பதில்லை, உயிர் காட்டக் காண்கிறது. உயிரும் அப்படியே, இறைவன் காட்டினால்தான் காணும் என்பது மெய்கண்டாரின் சிவஞானபோதத்துப் பதினோராம் நூற்பா சொல்லும் செய்தி. ரமண மகரிஷி தமிழில் பெயர்த்த 'திருக்குத் திருசிய விவேகம்' வேறு பக்கத்திலிருந்து வருகிறது: உருவத்தைக் கண் காண்கிறது, கண்ணை மனம் காண்கிறது, மனத்தை ஒரு சாட்சி காண்கிறது, சாட்சியைக் காண ஆளில்லை. ஒப்பனை மேசை முன்னால் இது புத்தகப் பேச்சாகத் தோன்றுவதில்லை. வரைகிறவளும் அவளே, வரையப்படும் பரப்பும் அவளே, சரியாக வந்ததா என்று பார்ப்பவளும் அவளே. அப்படியும் கோல் தெரியவில்லை.

இலங்கையில் புத்தர் சிலைக்குக் கடைசியாகக் கண் எழுதும்போது ஓவியர் சிலையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்துத் தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டுகிறார். ஆனந்த குமாரசுவாமி 1908ல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் கண் திறக்கும் இந்தச் சடங்கு இடம்பெற்றிருக்கிறது. நம் கோயில்களில் நயனோன்மீலனம் என்ற பெயரில் ஸ்தபதி பொன்னூசியால் கண்ணைத் திறக்கிறார். அதுவரை அது கல். அதன்பிறகு அது பார்க்கும். இங்கே கண்ணை எழுதுவது பிறர் ரசிக்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரே நிற்பவர் மேல் பார்வை விழ வேண்டும் என்பதற்காக எழுதுகிறார்கள். மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி எல்லாமே கண்ணால் வந்த பெயர்கள். மயிலாப்பூரில் மட்டும் கோலவிழி அம்மனும் முண்டகக்கண்ணி அம்மனும் இருக்கிறார்கள்.

கோட்டூர்புரத்திலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே போனால் அடையாறு. அங்கே பிரம்மஞான சபையின் வைர விழாவில், 1935 டிசம்பரில், ருக்மிணி தேவி அருண்டேல் பரதம் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. நடனக்காரரின் மை நெற்றிப்பொட்டை நோக்கி வால் நீண்டிருப்பதற்குக் காரணம் எளிது: கடைசி வரிசை. நாட்டிய சாஸ்திரம் 36 வகைப் பார்வைகளைச் சொல்கிறது. பூசாத கண்ணில் அவற்றில் பாதிகூட பத்தாவது நாற்காலியைத் தாண்டாது. சிருங்காரத்தைப் பற்றி ருக்மிணி தேவியும் இன்னொரு பரதக் கலைஞரான பாலசரஸ்வதியும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மேடையேறியபோது இருவர் கண்ணிலும் மை இருந்தது. முகமூடி என்றால் உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது. இங்கே உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும் வேலையையே மை செய்கிறது.

இதைக் கூவாகத்தைவிட அழுத்தமாகச் சொல்லும் இடம் இல்லை. சித்திரைப் பௌர்ணமியில் திருநங்கையர் அந்த ஊரில் கூடி, மோகினியாக நின்று மகாபாரதத்து அரவானை மணக்கிறார்கள். தாலி, பட்டு, பூ, கண்ணில் தாராளமான மை. விடிந்து அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுகிறார்கள். அழுகையில் மை கரைந்து கன்னத்தில் ஓடும். மறுபடி சொந்த ஊருக்குப் போய், வேலைக்கு, வீட்டுக்கு, சிலர் ஆண் உடைக்கும் திரும்புகிறார்கள். பூச்சு எந்த நாளில் இருந்தது, முகமூடி எந்த நாளில் இருந்தது என்று அவர்களிடம் கேட்டால் தெர்த்துல்லியனுக்குத் திகைப்பாக இருக்கும்.

ஆண்டாள் கதையில் ஒரு சிறு பாக்கி இருக்கிறது. நோன்பு முடியும் 27ஆம் பாசுரத்தில் அலங்காரமும் விருந்தும் திரும்ப வருகின்றன. கைவளை, தோள்வளை, தோடு, புதுப் புடவை, முழங்கை வழிய நெய் ஊற்றிய பால்சோறு. நடுவே 20ஆம் பாசுரத்திலேயே விசிறியும் கண்ணாடியும் கேட்டுவிடுகிறார்கள். பாலும் நெய்யும் திரும்பின, கண்ணாடியும் கேட்டாயிற்று. மையோ பெயர் சொல்லித் திரும்பவில்லை. ஆண்டாள் மறந்தாளா, அல்லது குறள்பெண்ணைப்போல் அவள் கண்ணுக்குள்ளும் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டதால் வேண்டாம் என்று விட்டாளா?

மார்கழி 27, கூடாரவல்லி. விடியுமுன்பே தென்சென்னைப் பெருமாள் கோயில்களில் பெண்கள் வரிசையாக நின்று முப்பது பாசுரத்தையும் சொல்கிறார்கள். மையிட மாட்டோம் என்ற இரண்டாம் பாசுரமும் வருகிறது. சொல்கிறவர்கள் கண்ணில் காஜல் இருக்கிறது. இளையவர்கள் சிலர் நனைந்தாலும் கரையாத மஸ்காராவே போட்டிருக்கிறார்கள். பாட்டு நிற்பதில்லை, வரிசையும் நகர்கிறது. தொன்னையில் அக்காரவடிசல் விழுந்ததும் நெய் விரலிடுக்கில் இறங்க, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்தவளுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறார்கள்.