ஊர்ப்பேரிலே இருக்கிற சேரி

போன மாதம் முத்தியால்பேட்டை கடைத்தெருவிலே ஒரு தாயார் தன் மகனைக் கடிந்துகொண்டிருந்தார்கள். "சேரிப் பசங்க மாதிரி பேசாதே!" பையன் சும்மா இருக்கவில்லை. "நம்ம ஊர் பேரே புதுச்சேரிதானேம்மா?" என்றான். தாயார் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நம் ஊருக்குக் கிரேக்க பாஷையிலும் ஒரு பேர் உண்டு, தெரியுமா? கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' என்ற கடல் வழி நூல் இந்தக் கரையிலே மூன்று துறைமுகங்களைச் சொல்லுகிறது: கமரா, பொதுகே, சோபட்மா. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் பொதுகேயைக் குறித்து, 'எம்போரியன்' என்று சேர்த்து எழுதினார். வியாபாரம் நடக்கிற இடம் என்று அர்த்தம். அது நம் பக்கத்து அரிக்கமேடுதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்லுகிறார்கள். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மண்பாண்டங்களும், திராட்சரசம் வந்த ஜாடிகளும் கிடைத்தன.

பொதுகே என்றால் என்ன? புதுச்சேரி என்ற பேரே அந்நியர் வாயில் அப்படி ஆனது என்பார்கள். 'புது' தெளிவாய்க் கேட்கிறது. 'சேரி' தேய்ந்துபோயிருக்கும் என்பது என் எண்ணம். மாலுமிகளுக்கு அவசரம்!

கிரேக்கரும் இப்படியேதான் பேர் வைத்தார்கள். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்திலே பவுல் கப்பலில் போய்ச் சேர்ந்த நெயாப்போலிக்குப் புதுப் பட்டணம் என்றே பொருள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரமும் அதே பேர்தான். ஆனால் பட்டணம் என்ற சொல்லை அங்கே யாரும் வசவாக்கவில்லை. நாமோ சேரியை ஆக்கிவிட்டோம்.

சேரி என்றால் ஜனங்கள் சேர்ந்து குடியிருக்கிற இடம், அவ்வளவுதான். ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காக 400 ஆடல் பெண்களைக் குடியேற்றிய தெருக்களுக்குத் தளிச்சேரி என்றே பேர், கல்வெட்டில் இருக்கிறது. அங்கே அது இழிசொல் அல்ல. பிற்காலத்தில் ஊருக்கு வெளியே சிலரை ஒதுக்கிவைத்தோம். அவர்கள் இருந்த இடத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பிறகு அதையே எடுத்து அவர்கள்மேல் எறிந்தோம். குற்றம் சொல்லில் இல்லை. ஒதுக்கினவன் யார்?

2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி சட்டப்படியும் புதுச்சேரி ஆயிற்று. பழைய பேர் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தோம். மகிழ்ந்த அதே வாய்தான் அன்றைக்குக் கடைத்தெருவிலே பேசினது. என் வாயும் பேசியிருக்கிறது, மறைப்பானேன்?

போன வாரம் அந்தப் பையனை மறுபடியும் பார்த்தேன். இதையெல்லாம் கொஞ்சம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ பேட்டை ரவுடின்னு சொல்றாங்களே ஐயா, பேட்டை மட்டும் கெட்ட வார்த்தையா?" என்றான்.

"இல்லப்பா. பேட்டைன்னா சந்தை கூடுற இடம். தெலுங்கிலே முத்தியாலுன்னா முத்துக்கள். அந்தக் கிரேக்கர் எம்போரியன்னு எழுதினாரே, அதைத் தமிழ்ல சொல்லணும்னா பேட்டைன்னுதான் சொல்லணும்" என்றேன்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.